நீக்குக

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை.
மதிலில் பித்தளைப் பலகை, மூன்று மொழியிலும்:
இமெல்டா சூசைதாசன், ஓவியர், ஆசிரியை.
தமிழில் மட்டும் 'ஒவியர்' என்று இருக்கிறது.
முப்பத்தொரு வருடம் சரவை பார்த்த கண்
அதைத்தான் முதலில் பார்த்தது.

ரிக்கற் இருநூறு. பென்சன்காரருக்கு நூறு.
நான் அட்டையைக் காட்டவில்லை.
எந்தக் கந்தோர் என்று அதில் போட்டிருக்கிறது.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.
தூரிகைகள் உயரவாரியாக நிற்கின்றன,
காலைப் பிரார்த்தனைக்கு நிறுத்திய பிள்ளைகள் மாதிரி.
அவர் இருந்தபோது இப்படி இருந்திராது.
நேரில் கண்டதில்லை, ஆனால் தெரியும்:
பாடநூல் கந்தோருக்கு அவர் அனுப்பும் பொதிகளில்
ஒரு தேத்தண்ணி வட்டமாவது இருக்கும்,
ஒருமுறை பாண்துணுக்கு.
இப்போது பேனாமுனைகளை உப்புக்காற்று தின்றிருக்கிறது.
கோச்சி போகும்போதெல்லாம்
கண்ணாடிப் பெட்டிகள் பல்லைக் கடிக்கின்றன.

சுற்றிக் காட்ட வந்த பிள்ளை, இஃப்ரத், சொன்னாள்:
"மிஸ் ஒருநாளும் மாணவர் படத்தில கைவைக்கமாட்டாங்க.
மேல ரேசிங் பேப்பர் விரிச்சு
அதிலதான் திருத்துவாங்க.
பிடிக்காட்டி உருவி எறியலாம்."
சுவர் முழுக்க அந்தத் தாள்கள்.
ஏதோ ஒரு பிள்ளையின் கோணல் சைக்கிள்,
அதன்மேல், மூச்சு விட்டால் பறக்கும் கனத்தில்,
இன்னொரு சைக்கிள்.

நாலாவது பெட்டி.
நாலாம் வகுப்புச் சுற்றாடல், பக்கம் முப்பத்தேழு,
மூலப்படம்.
பஸ் தரிப்பிடத்தில் ஏழு பேர்.
குடைக்காரர், மீன்கூடையோடு ஒருத்தி,
ஒரே மாதிரி இரட்டைப்பின்னலில் இரட்டையர்,
நடுவில் ஒரு காதை மட்டும் தூக்கிய நாய்.
படத்தின்மேலேயே, சிவப்புக் குமிழ்முனையால்:
'நாய் பாடத்துக்குத் தேவையற்றது. நீக்குக.'
பக்கத்தில் குறிப்பு:
'கையெழுத்து, அடையாளம் காணப்படாத அதிகாரி.'

அதிகாரி இல்லை. மூன்றாம் தர எழுதுவினைஞன்.
என் 'நீ' இன்னமும் அப்படித்தான்,
சுழி முடிய முதலே அடுத்த எழுத்துக்கு ஓடும்.

அந்த வருடங்களில் நீக்குவதற்கு நிறைய இருந்தது.
கடைப்பலகை ஒன்றின் எழுத்து.
ஒரு பெண்ணின் நெற்றிப்பொட்டு.
கொடியில் காய்ந்த, நிறம் சரியில்லாத சாரம்.
காலையில் மேலிருந்து பட்டியல் வரும்.
நாய் பட்டியலில் இல்லை.
நாய் என் சொந்த யோசனை.
கை பழகிவிட்டிருந்தது.

அடுத்த பெட்டியில் அச்சான பக்கம்.
அவர் நீக்கியிருந்தார். நாயை மட்டும்.
ஏழு பேரின் கண்களையும் அப்படியே விட்டார்.
குடைக்காரர் எதற்கோ இடம்விட்டு ஒதுங்கி நிற்கிறார்.
இரட்டையரில் ஒருத்தி குனிந்து
வெறும் தாரைத் தடவப் போகிறாள்.
பதினொரு வருடம் அந்தப் புத்தகம் ஓடியது.
என் மகளும் அதில்தான் படித்தாள்.
"எல்லாரும் எதைப் பாக்கினம் அப்பா?"
"பஸ் வருகுதா எண்டு."
"பஸ் நிலத்துக்குள்ளாலயா வரும்?"
போய்ப் படி என்றேன்.

யன்னலோரம் சின்ன மேசை. பென்சில், ரேசிங் பேப்பர்.
வருகிறவர்கள் அந்தப் பக்கத்தின்மேல் விரித்து
இல்லாததை வரையலாமாம்.
தட்டு நிறையத் தாள்கள்: பூனை, ஐந்து ரூபாய்க் குற்றி,
உடைந்த முட்டை, இரண்டு மூன்று பாம்பு.
ஒன்றில் ஒரு சோடிச் செருப்பு மட்டும்.
அதைக் கீழே வைக்கக் கொஞ்சம் நேரமெடுத்தது.

"ஐயாவும் கீறுங்களேன்."

எனக்குக் கீறத் தெரியாது.
தாளை எடுத்துப்போய், அந்தப் பக்கத்தை விட்டு,
நாலாவது பெட்டியின் கண்ணாடியில் விரித்தேன்.
சிவப்பு எழுத்து மங்கலாக மேலே வந்தது.
வெட்டியதைத் திரும்ப வைப்பதற்கு
எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு:
'நீக்குக' என்பதன் அடியில் வரிசையாய்ப் புள்ளி வைத்து,
ஓரத்தில் எழுதினேன், 'இருக்கட்டும்.'

இஃப்ரத் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.
"இந்தப் புள்ளியெல்லாம் என்ன ஐயா?"

நாயின் காலடி, என்றேன்.